வீடியோப் படத்திற்கு இசை அமைத்து ஒப்படைக்கும் முறை

கிராம மக்களுக்கு நல்ல செய்திகளைக் கொண்டு சேர்ப்பதில் ஒலிக்குள்ள ஆற்றல் நாம் அறியாததன்று. 1960-களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வாயிலாக ஆடுதுறை 27 என்னும் நெல் வகை தஞ்சை வட்டாரத்தில் பரவியது. உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு அழைத்தனர். செய்தி தெளிவாகக் காதில் விழுந்தமையால் அது வயலிலும் விளைந்தது. அப்பணியில் ஒரு பங்கை இன்று கைப்பேசியில் ஓடும் வீடியோப் படங்கள் ஏற்றுள்ளன. விதை நேர்த்தி, ஏரி தூர் வாருதல், குப்பை பிரித்தல், கிராம சபை அழைப்பு முதலியன பற்றி ஊராட்சிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சிறு படங்களை எடுத்து வருகின்றன. ஒரு கணினியும் ஒரு மைக்கும் ஓர் ஒலி மென்பொருளும் கொண்டு இவற்றுக்கு இசை அமைத்துத் தரக்கூடிய இளைஞர்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றனர்.

எனினும், இத்தகைய வேலைகளில் இரண்டு குறைகள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, இசை ஓங்கிப் பேச்சு அமுங்கிப் போதல். இரண்டாவது, வேலை முடிந்தபின் கொடுத்தவருக்கும் செய்தவருக்கும் கணக்கு வழக்கில் மனக்கசப்பு உண்டாதல். அளவையும் நிபந்தனையையும் முன்னதாக வரையறுத்துக் கொள்ளாமையே இரண்டிற்கும் காரணம். அவற்றை எவ்வாறு வரையறுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எடுத்துக்காட்டாக, நெல் விதை நேர்த்தி பற்றி 4 நிமிடம் ஓடும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்க வேண்டும் என்னும் சொற்களே அப்படத்தின் உயிர். அந்த இடத்தில் பறையும் தவிலும் ஓங்கி ஒலித்து, '10 கிராம்' என்பது கேட்காமற் போயின், படத்திற்குச் செய்த செலவு முழுவதும் வீண்.

படம் முடிந்த பின்னரே இசை

நிலத்தைச் சமன்படுத்தி வரப்புக் கட்டிய பின்னரே நாம் நடவு நடுகிறோம். நட்ட பின் வரப்பை மாற்றினால் பயிர் பாழாகும். இசையும் இத்தன்மையதே. முதல் நிமிடத்தில் 3 விநாடிக் காட்சி ஒன்றை வெட்டினால், அதற்குப் பின்வரும் ஒவ்வோர் இசைத் துண்டும் 3 விநாடி பிந்தி ஒலிக்கும். விதை கொட்டும் காட்சிக்கு அமைத்த தாளம், உழவர் கை கழுவும் காட்சியில் வந்து விழும்.

ஆதலின், ஊராட்சி உறுப்பினர்கள் ஒன்றுகூடி, இசை சேராத படத்தை முதலில் பார்க்க வேண்டும். திருத்தங்கள் யாவும் அப்போதே முடிய வேண்டும். 'இதுவே இறுதிப் படம்' எனத் தேதியிட்டு எழுதிய பின்னரே அதனை இசையமைப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதன்பின் படத்தை மாற்ற நேர்ந்தால், அது புதிய வேலை என்றும் அதற்குத் தனி ஊதியம் உண்டு என்றும் இரு தரப்பினரும் உணர்ந்திருத்தல் நன்று.

இசையமைப்பவரிடம் மூன்று பொருள்களைத் தருதல் அவசியம். ஒன்று, மூலையில் நிமிடமும் விநாடியும் பிரேமும் ஓடிக்கொண்டிருக்கும் பார்வைப் பிரதி. இரண்டு, பேச்சு மட்டும் அடங்கிய தனி ஒலிக்கோப்பு. மூன்று, எந்த நேரத்தில் இசை தொடங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும், எங்கே அறவே கூடாது என்னும் குறிப்பு. நாம் எடுத்துக்கொண்ட படத்தில், '42-ஆம் விநாடியில் இசை நிற்க வேண்டும். அளவு சொல்லி முடியும் வரை அமைதி' என்று குறிப்பெழுதினால் போதும்.

நேரக் கணக்கு

ஓடும் படம் என்பது அசையாப் படங்களின் வரிசையே. ஒவ்வொரு படத்திற்கும் பிரேம் என்று பெயர். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 பிரேம். திரைப்பட முறையில் 24. கைப்பேசிகள் பெரும்பாலும் 30 பிரேம் அளவில் எடுக்கின்றன. நமது 4 நிமிடப் படம் 25 பிரேம் கணக்கில் 6,000 பிரேம் கொண்டது. அதே 6,000 பிரேமை 24 என்று கொண்டு கணக்கிட்டால் 250 விநாடி ஆகிவிடும். 240 விநாடிப் படத்தில் 10 விநாடி பிசகு நேரும். ஆகவே, படம் எத்தனை பிரேம் என்பதை எழுதிக் கொடுப்பதும், மென்பொருளில் அவ்வெண்ணையே அமைப்பதும் முதல் வேலையாகும்.

ஒலிக்கும் இவ்வாறே ஓர் அளவு உண்டு. ஒலியலையை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறோம் என்பதே அது. இசைத் தட்டான சி.டி.க்கு 44,100 முறை. வீடியோப் பணிக்கு 48,000 முறை. மென்பொருள்கள் பெரும்பாலும் இதனைத் தாமே மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் 44,100-ஐ 48,000 எனக் கொண்டு ஓட்டினால், 240 விநாடி இசை 220.5 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் உயர்ந்துவிடும். தொடக்கத்திலேயே 48,000 என்று வைத்துக்கொண்டால் இவ்விடர் இல்லை.

மென்பொருள்களுள் ரீப்பர், ஆர்டர் ஆகியவை படத்தை அருகில் காட்டிக்கொண்டே இசை அமைக்க இடந்தருவன. கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி படத்தைக் காட்டாது. ஆயினும் பேச்சைப் பதியவும் சீர் செய்யவும் அது போதுமானது. எந்தக் கருவியாயினும் கணக்கு ஒன்றே.

தாளமும் காட்சியும்

ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 அட்சரம் என்பதைப் பலரும் அறிவர். நிமிடத்திற்கு 60 அட்சரம் என்னும் நடையில் ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி. 5 ஆவர்த்தனம் 40 விநாடி. ஆனால் நமது படத்தில் இசை 42-ஆம் விநாடியில் அல்லவா நிற்க வேண்டும்? மீதி 2 விநாடியை ஏதேனும் ஓர் ஒலியால் ஒப்பேற்றுவது அழகன்று. 40 அட்சரம் 42 விநாடியில் முடிய, நடையை நிமிடத்திற்கு 57.14 என வைத்தால் போதும். மென்பொருள் இப்பின்னத்தையும் ஏற்கும். நடை சற்றே தளர்ந்தது காதுக்குப் புலப்படாது. ஆனால் தாளம் முடியும் கணமும் உழவர் பொடியைக் கையில் எடுக்கும் கணமும் ஒன்றாகும். பின்வரும் அமைதியில் '10 கிராம்' என்னும் சொல் எல்லார் காதிலும் விழும்.

ஊர்க் கலைஞர்களைக் கொண்டு வாசிக்கச் செய்யும்போது, இந்த நடைக்குரிய தட்டு ஒலியை அவர்கள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிக்குமாறு செய்ய வேண்டும். இன்றேல், எத்துணைத் தேர்ந்த கலைஞராயினும் உற்சாகத்தில் நடை விரைந்துவிடுதல் இயல்பு.

பேச்சுக்கு முதலிடம்

மடைப் பலகையை ஏற்றி இறக்கித் தண்ணீரை அளவோடு விடுவது போல, பேச்சு வருமிடத்தில் இசையை இறக்கி, பேச்சு ஓய்ந்தபின் ஏற்ற வேண்டும். செவிக்குறை உள்ளோரையும் கருதி 2008-இல் வெளியான உலகளாவிய வலைத்தள அணுகல் நெறிகள், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருத்தல் நலம் என்கின்றன. அதாவது, ஒலியலையின் உயரம் பேச்சினுடையதில் பத்தில் ஒரு பங்கு. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். க, ச, ட, த, ப என மெய்யெழுத்துக்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகளில் பெரும்பகுதி 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் அமைவன. நாகசுரத்தின் கம்பீரமும் அவ்விடத்திலேயே ஓங்கி நிற்கும். ஆகவே, நாகசுரத்தைப் பேச்சில்லாத இடத்தில் முழங்க விட்டு, பேச்சின் கீழே தம்புரா போன்ற மெல்லிய நாதத்தை வைப்பது பொருத்தம்.

ஒலியின் உச்சத்திற்கும் எல்லை உண்டு. கணினியில் 0 டெசிபல் என்பது கரை. அதைத் தாண்டினால் ஒலி சிதையும். உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள் நிற்கட்டும்.

ஒப்படைக்க வேண்டியவை

வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம், கீழ்க்கண்டவை ஊராட்சியின் கைக்கு வந்து சேர்வதே.

1. முழு இசைக் கோப்பு: வேவ் என்னும் வகையில், 48,000 அளவில், 24 பிட் தரத்தில். எம்.பி.3 கோப்பு கேட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே. அதில் ஒலியின் ஒரு பகுதி இழக்கப்படுவதோடு, தொடக்கத்தில் நுண்ணிய இடைவெளியும் சேர்ந்துவிடும்.

2. கிளைக் கோப்புகள்: தோற்கருவிகள் தனி, துளைக்கருவிகள் தனி, நரம்புக்கருவிகள் தனி, பாட்டுக் குரல் தனி. யாவும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே நீளத்தில் முடிய வேண்டும்.

3. ஒத்திசைவுக் குறி: படம் தொடங்குவதற்குச் சரியாக 2 விநாடி முன் ஒரு பிரேம் அளவு ஒலிக்கும் 'பீப்' ஒலி. படத்தொகுப்பாளர் இதனைக் கொண்டு இசையைப் பிசகின்றிப் பொருத்துவார்.

4. கோப்பின் பெயரிலேயே படத்தின் பெயர், பிரேம் எண், திருத்த எண், தேதி.

கிளைக் கோப்புகள் எதற்கு என்று சிலர் வினவலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையோர ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உள்ளனர். அவர்களுக்காகப் பேச்சையும் பாட்டையும் மாற்றிப் பதிந்தாலும், கருவியிசை அப்படியே பயன்படும். ஒரு முறை செய்த செலவு பல முறை பலன் தரும்.

4 நிமிட இசை மேற்சொன்ன தரத்தில் ஏறத்தாழ 69 மெகாபைட் ஆகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறையும். ஆகவே பென் டிரைவில் தருவதே சிறந்தது. ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படியை வேறோர் இடத்திலும் வைத்தல் வேண்டும்.

ஒப்பந்தமும் உரிமையும்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருதல் எழுத்து மூலம், கையொப்பத்துடன் நடைபெற வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும்; இடம் குறிக்கப்படாவிடில் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். எனவே ஒரு பக்க அளவிலேனும் ஒப்பந்தம் எழுதிக்கொள்க. இசையின் நீளம், ஒப்படைக்கும் நாள், இலவசத் திருத்தங்கள் எத்தனை, ஊதியம் எவ்வளவு, எத்தனை தவணை, எங்கெங்கே எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்பன அதில் இருக்கட்டும். வேலை தொடங்கும்போது ஒரு பகுதி ஊதியம் தருவது முறை. தவில், பறை, நாகசுரக் கலைஞர்களுக்கும் தனி உரிமை உண்டு. அவர்களின் ஒப்புதலையும் எழுதி வாங்கி, பெயர்களைப் படத்தின் இறுதியில் காட்டுதல் நன்றிக் கடனாகும்.

திரைப்படப் பாட்டை அனுமதியின்றி ஊராட்சிப் படத்தில் சேர்த்தல் கூடாது. இசையமைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். வழிவழி வரும் நடவுப் பாட்டின் மெட்டைப் புதிதாகப் பாடிப் பதிவதற்குத் தடையில்லை. ஆயினும் பிறர் பதிந்து வெளியிட்ட ஒலிநாடாவை எடுத்தாளுதல் வேறு. அதற்கு அனுமதி தேவை.

பெற்றுக்கொள்ளும் முறை

ஒப்படைத்த இசையைப் படத்தோடு சேர்த்து மூன்று வகையில் கேட்க வேண்டும். முதலில் ஹெட்போனில் கேட்டால் இரைச்சலும் வெட்டும் தெரியும். அடுத்து, சாதாரணக் கைப்பேசியில் கேட்க வேண்டும். அதன் சிறு ஒலிபெருக்கி உறுமியின் கீழ்நாதத்தை எழுப்பாது. உறுமி ஒன்றையே நம்பிய இசை அங்கே காணாமற் போகும். மூன்றாவதாக, கிராம சபையில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். அதில் இடம், வலம் என்னும் இரு தடங்களும் ஒன்றாகக் கலக்கும். அப்போது சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதும் உண்டு.

கேட்பவர்களுள் இசையமைப்பில் பங்கு கொள்ளாத முதியவர் ஒருவர் இருக்கட்டும். படம் முடிந்ததும், 'ஒரு கிலோ விதைக்கு எத்தனை கிராம்?' என்று அவரை வினவுக. 10 என்று அவர் விடை கூறினால் இசை தேறியது. விடை வாராவிடின், இசை எவ்வளவு இனிமையாயினும் திருத்தத்திற்குத் திருப்பி அனுப்புக.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. இந்நாட்களில் காட்டவேண்டிய படத்திற்கான இசை ஒரு வாரம் முன்னதாகவேனும் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் திருத்துவதற்கு அவகாசம் இருக்கும்.

நெல்லை அளந்து வாங்கும் நாம் இசையையும் அளந்து வாங்கப் பழகுதல் வேண்டும். அளவு தெளிவாயின் செய்தவருக்குக் கூலி தடையின்றிக் கிடைக்கும். ஊர்ப் பணத்திற்குக் கணக்கும் இருக்கும். உழவருக்குச் செய்தியும் குறையின்றிச் சென்று சேரும். உறுப்பினர்கள் அடுத்த படத்திற்குத் திட்டமிடும்போதே இம்முறைகளை மேற்கொண்டு, தத்தம் ஊர் இளைஞருக்கும் கலைஞருக்கும் இவ்வேலையை நம்பிக்கையுடன் அளிப்பார்களாக.