ராகம் தெரியாதவர்களுக்கு ஒரு மார்கழிக் கச்சேரி

மார்கழி வந்துவிட்டால் சென்னையில் கச்சேரிக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் என்று சபாவுக்குச் சபா காலையில் தொடங்கி இரவு ஒன்பது மணி தாண்டியும் பாட்டு நடக்கும். ஆனாலும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, சபா வாசலை ஒருமுறைகூட மிதிக்காதவர்கள் ஏராளம். "ராகம் தெரியாதே, போய் என்ன செய்வது?" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். ராகம் தெரிய வேண்டியதே இல்லை. ஒரு மாலையை ஒதுக்கி, ஒரே கச்சேரியை முதல் பாட்டிலிருந்து மங்களம் என்ற கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்டால் போதும். அதற்கான வழி இது.

1. கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் தேதிவரை மார்கழி இசை விழா உச்சத்தில் இருக்கும். அன்றன்றைய நிகழ்ச்சிகள் நாளிதழ்களில் வரும். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. முதல்முறை போகிறவருக்குச் சின்ன அரங்கே நல்லது. கலைஞரின் விரலும் முகமும் கண்ணுக்கு எட்டும். மயிலாப்பூர் கிழக்கு மாடவீதியில் உள்ள பாரதிய வித்யா பவன் அப்படிப்பட்ட இடம். பாட்டின் சொற்கள் புரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். தமிழ்ப் பாடல்கள் மேடையேற வேண்டும் என்பதற்காகவே 1943-இல் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம் அது.

2. டிக்கெட்டும் இடமும்

பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. இளம் கலைஞர்கள் பாடும் நேரம் அது. நாளைய நட்சத்திரங்களை இன்றே கேட்டுவிடலாம். மாலை ஆறரை, ஏழு மணிக் கச்சேரிக்குத்தான் கூட்டம். பெயர் பெற்றவர் பாடுகிறார் என்றால் முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

முன்வரிசைகளில் பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்கள் இருப்பார்கள். அதனால் குறையொன்றுமில்லை. நடுவரிசையில் இடப்பக்கமாக இடம் கிடைத்தால் விடாதீர்கள். மிருதங்கக்காரர் வழக்கமாக நமக்கு இடப்பக்கம் உட்காருவார். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை நம்மைப் பார்த்து இருக்கும், விரல்கள் நன்றாகத் தெரியும்.

3. அரை மணி முன்னால் போங்கள்

பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் மாடவீதிகளுக்கு நடந்தே போகலாம். தி.நகர் சபாக்களுக்கு மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ. காரைத் தவிருங்கள், நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும்.

பல சபாக்களின் கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லை. கீரை வடையும் ஒரு காபியும் முடித்துக்கொண்டு உள்ளே போங்கள். இரவுச் சாப்பாட்டைக் கச்சேரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றால், கேன்டீன் எத்தனை மணிவரை என்று முதலிலேயே கேட்டுவையுங்கள். ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வை வேண்டும். செல்போனை அணைத்துவிடுங்கள்.

திரை முன்பே திறந்திருந்தால் மிருதங்கக்காரரைக் கவனியுங்கள். தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் ஈர ரவையை அப்பி, மறுபக்கத்து விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். தம்புராவோடு அந்த நாதம் ஒட்டும் நொடியை உங்கள் காதே சொல்லிவிடும். கச்சேரி அங்கேயே தொடங்கிவிட்டது.

4. எது எப்போது வரும்?

இன்றைய கச்சேரியின் அமைப்புக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). முதலில் விறுவிறுப்பாக ஒரு வர்ணம். பிறகு சில சின்னக் கீர்த்தனைகள். ஒரு மணி நேரம் தாண்டி முக்கிய உருப்படி வரும். அதற்கு முன்னால் சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதுதான் ஆலாபனை. 'மன்னவன் வந்தானடி' என்ற சினிமாப் பாட்டு உங்களுக்குத் தெரியும் என்றால் கல்யாணி ராகம் ஏற்கெனவே உங்களுக்குப் பழக்கம்தான். பெயரைக் கண்டுபிடிக்க மல்லாடாதீர்கள். பாடகர் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறார், அதையே வயலின் எப்படித் திருப்பிச் சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

பாட்டின் நடுவில் ஒரே வரியை விதவிதமாகப் பாடினால் அது நிரவல். ச-ரி-க-ம என்று பாடகரும் வயலினும் மாறி மாறிப் போனால் கற்பனாஸ்வரம். இரண்டும் பெரும்பாலும் அந்த மேடையிலேயே பிறப்பவை. மறுநாள் அதே பாட்டை அவரே பாடினாலும் இதே மாதிரி வராது.

5. கையில் தாளம் போடுங்கள்

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி ஒரு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. வீட்டிலேயே பத்து நிமிஷம் போட்டுப் பழகுங்கள். சபையில் தடுமாறினால் பக்கத்தில் தாளம் போடும் பெரியவரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். சத்தம் வராமல் போட வேண்டும்.

6. தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாதீர்கள்

முக்கிய உருப்படி முடியும் தறுவாயில் பாட்டு நின்று, மிருதங்கமும் கூடவே கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதுவும் தனியாக ஒலிக்கும். அரங்கில் பாதிப் பேர் காபிக்குக் கிளம்புவது இப்போதுதான். இது பெரிய அநியாயம். பல வருஷ சாதகத்தைக் கலைஞர் பதினைந்து நிமிஷத்தில் கொட்டும் இடம் இது. முதலில் நீளமாக மாறி மாறி வாசிப்பார்கள். போகப் போக அந்த அளவு சுருங்கிக்கொண்டே வரும், அதுதான் குறைப்பு. பிறகு இருவரும் சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பு, அதன்பின் மும்முறை ஒரு கோர்வை. அது பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும்போது பாடகர் பாட்டை மறுபடி பிடிப்பார். கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

7. மங்களம்வரை இருங்கள்

கடைசி அரை மணி துக்கடாக்கள் எனப்படும் சின்ன உருப்படிகளுக்கு: பதம், ஜாவளி, காவடிச்சிந்து, தில்லானா. முதல்முறை கேட்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி இதுதான். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் மட்டும் எழுந்திருங்கள்.

ஒரே நாளில் மூன்று சபா ஏறி இறங்குவதில் பெருமை ஒன்றுமில்லை. முழுதாகக் கேட்ட ஒரு கச்சேரி, அரைகுறையாகக் கேட்ட பத்துக்குச் சமம். இந்த மார்கழியில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். கூடவே இதுவரை சபா வாசலை மிதிக்காத ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.