செவித்துணை

மக்கள் தம் உள்ளக் கருத்தைப் பிறர்க்கு உணர்த்துதற்கு அமைந்த கருவிகளுள் தலையாயது பேச்சு. அது மிக எளிய செயலாகவே பலர்க்கும் தோன்றும். ஆயின், ஓர் எழுத்தொலி பிறத்தற்கு எத்துணை உறுப்புகள் ஒத்துழைத்தல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டியுள்ளார். உந்தியினின்று எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு ஒலியாகப் பிறக்கின்றது என்பது அவர் கருத்து. இவையெல்லாம் இமைப்பொழுதில் ஒன்றோடொன்று இயைந்து இயங்குவதாலேயே பேச்சு ஆற்றொழுக்காக அமைகின்றது. அவ்வியைபு அடிக்கடி தடைப்படுதலே திக்கல் எனப்படும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல், கரியாலூர் என்னும் ஊர் உள்ளது. திக்குதலுடைய ஒருவர் அவ்வூர்ப் பெயரைச் சொல்லப் புகும்போது, 'க, க, கரியாலூர்' என முதலெழுத்து மீண்டும் மீண்டும் ஒலிக்கலாம். 'மலை' என்னும் சொல்லின் முதலொலி 'ம்ம்ம்மலை' என நீளலாம். சில வேளைகளில் வாய் திறந்திருந்தும் ஒலியே எழாது நின்றுவிடலாம். இம்மூன்றும் திக்கலின் வகைகளாம். சொல்ல வேண்டிய சொல் யாது என்பதைப் பேசுவோர் நன்கு அறிவர். அறிந்த சொல் உரிய நேரத்தில் நாவினின்று புறப்படுவதில்லை. எனவே, அறியாமை வேறு, திக்கல் வேறு என்பது தெளிவு.

பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 பேர் அளவில் ஏதேனும் ஒரு பருவத்தில் திக்கிப் பேசுகின்றனர் என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். பெரும்பாலும் 2 வயதிற்கும் 5 வயதிற்கும் இடையில் அது தோன்றும். அவர்களுள் மிகப் பலர்க்குத் தானே நீங்கிவிடும். வளர்ந்த பின்னரும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்க்கு அது நிலைத்து நிற்கும். பெண்களினும் ஆண்களிடத்தே இது மிகுதி. அச்சமே இதற்குக் காரணம் என்று முன்னாளில் பலர் எண்ணினர். பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டில் உள்ள வேறுபாடே இதன் அடிப்படை என இக்காலத்து ஆய்வுகள் காட்டுகின்றன. குடிவழியாக வரும் மரபணுக்கள் சிலவற்றிற்கும் இதில் பங்குண்டு என்பது 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் புலனாயிற்று. அச்சம் திக்கலை மிகுவிக்கலாம். ஆனால் அதனைப் பிறப்பிப்பது அச்சமன்று.

இனி, திக்குதலால் விளையும் துன்பம் யாது? சொல் சற்றுக் காலந்தாழ்ந்து வருதல் பெருந்துன்பமன்று. அதனைப் பிறர் அறியாவண்ணம் மறைக்க முயலுதலே பெருந்துன்பம். திக்கலை மறைக்க விரும்புவோர், நிகண்டு கற்ற புலவரைப் போல, ஒரு சொல்லுக்கு ஈடாக வேறொரு சொல்லை நொடியில் தேடுவர். 'தண்ணீர்' என்பது தடைப்படும் எனத் தோன்றின் 'நீர்' என்பர். 'வீடு' தடைப்படும் எனின் 'இல்லம்' என்பர். ஆனால், தம் பெயர்க்கு ஈடாக வேறு பெயர் ஏது? அதனாலேயே தம் பெயரைச் சொல்லுதல் அவர்களுட் பலர்க்கு மிக அரிதாகின்றது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறும் பேருந்தில் திக்குதலுடைய இளைஞன் ஒருவன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவன் இறங்க வேண்டிய ஊர் கரியாலூர். நடத்துநர் அருகில் வந்து, ஊர் எது என வினவுகின்றார். பின்னால் பலர் சீட்டுக்குக் காத்திருக்கின்றனர். 'க' என்னும் எழுத்து எழாது என்று அவன் உள்ளம் முன்னரே நடுங்குகின்றது. அப்பால் உள்ள வெள்ளிமலையின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கி, கரியாலூரிலேயே இறங்கிவிடுகின்றான். அவனுக்குத் திக்கல் உண்டென்பதைப் பேருந்தில் ஒருவரும் அறியார். அவன் இழந்த பொருள் சிறிது. ஆனால் அடுத்த முறை அவ்வூர்ப் பெயரைச் சொல்லும் துணிவையும் அன்றே இழந்துவிட்டான். வகுப்பில் விடை அறிந்தும் கை உயர்த்தாத மாணவனும், வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்னும் இரு சொற்களுக்காக விடியற்காலை முதலே வருந்தும் மாணவியும் இவ்விளைஞனுக்கு உறவினரே.

சோசப் சீகன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் திக்குதலுடையவர். அவர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு உவமை கூறினார். நீருக்கு மேல் தோன்றும் சிறு பகுதியே பிறர் செவியில் விழும் திக்கல். நாணம், அச்சம், குற்றவுணர்வு ஆகியன நீருக்குள் மறைந்துள்ள பெரும்பகுதி. மறைக்க மறைக்க அப்பகுதி வளர்கின்றது என்பதே அவர் உவமையால் பெறப்படும் உண்மை.

இதனை அறியாதார் எள்ளி நகைப்பர். உடற்குறையையே பெயராக்கி அழைப்பர். அன்புடையோர் சிலரும் அறியாமையால் இடர் செய்வதுண்டு. குழந்தையின் நாவில் வசம்பைத் தடவினால் திக்கல் தீரும் என்பர் சிலர். வாயிற் கூழாங்கற்களை இட்டுப் பயின்ற கிரேக்க நாவலர் தெமொசுதனிசின் கதையைக் கூறி, அவ்வாறே செய்யுமாறு ஏவுவர் வேறு சிலர். முன்னது பயனற்றது, பின்னது கல் தொண்டையில் சிக்கி உயிர்க்கே ஊறு விளைக்கத் தக்கது.

திக்குதலுடையார் பெரும்பணி ஆற்ற இயலாதவரல்லர். 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு திக்கிப் பேசியவர். எப்போதும் திக்குவீர்களோ என ஒருவர் வினவ, இல்லை, பேசும்போது மட்டுமே என அவர் நகைமுகத்தோடு விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்கி வருகின்றது. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், இளவரசராக இருந்த 1925-ஆம் ஆண்டில், வெம்பிளிப் பொருட்காட்சியின் நிறைவு விழாவில் உரையாற்ற மாட்டாது பெரிதும் இடர்ப்பட்டார். 1926 முதல் லயனல் லோகு என்னும் ஆஸ்திரேலியர் அவர்க்குப் பயிற்சியளித்தார். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், நாடு போரில் இறங்கிய செய்தியை அம்மன்னரே வானொலியில் மக்களுக்கு உரைத்தார். திக்கல் முற்றும் நீங்கிற்றில்லை, பேசாதிருத்தல் நீங்கிற்று.

மன்னர்க்குப் பயிற்சியாளர் ஒருவர் அருகிலேயே இருந்தார். எளிய மக்கள் என் செய்வர்? இவ்வினாவிற்கு விடையாகத் தோன்றியவையே துணைக்குழுக்கள். ஒத்த துன்பமுடையார் ஒருங்கு கூடி ஒருவர்க்கொருவர் துணையாதல் அவற்றின் நோக்கம். அமெரிக்காவில் 1977-இலும், பிரித்தானியாவில் 1978-இலும் இத்தகைய அமைப்புகள் நாடளவில் தோன்றின. 1998 முதல் அக்டோபர் 22-ஆம் நாள் உலகத் திக்கல் விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. நம் நாட்டில் இந்தியத் திக்கல் சங்கம் 2008-இல் தொடங்கப்பெற்றது. அதன் துணைக்குழுக்கள் மும்பை, தில்லி, பெங்களூரு, சென்னை முதலிய நகரங்களில் கூடியுள்ளன.

இக்குழுக்களின் நடைமுறை மிக எளியது. விடுமுறை நாளில் பூங்காவிலோ ஓர் அறையிலோ சிலர் வட்டமாக அமர்வர். ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லுவர். ஒருவர்க்கு அதற்கு ஒரு நொடி ஆகலாம். மற்றொருவர்க்கு அரை நிமிடம் ஆகலாம். இடைமறிப்பாரும் இல்லை, நகைப்பாரும் இல்லை. வாழ்நாளில் முதன்முறையாகத் தம்மைப் போலவே திக்கும் மற்றொருவரைக் காண்போர், 'இத்துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று' என உணர்கின்றனர். பின்னர் ஒருவர் நூற்பகுதி ஒன்றைப் படிப்பார். மற்றொருவர் கொடுத்த பொருள்பற்றிப் பேசுவார். சிலர் வேண்டுமென்றே திக்கிப் பழகுவர். ஒளித்து வைத்ததைத் தாமே வெளிப்படுத்தும்போது அதன்மேல் உள்ள அச்சம் குறையும் என்பது இப்பயிற்சியின் கருத்து. துணிவு வளர்ந்தபின் கடைத்தெருவிற்குச் சென்று, அறியாதாரிடம் வழி கேட்டும் பழகுவர்.

துணைக்குழு மருத்துவமனையன்று. சிறு குழந்தைகள் திக்கிப் பேசின், பேச்சுப் பயிற்சியில் தேர்ந்தாரிடம் இளமையிலேயே காட்டுதல் நலம். மைசூரில் 1965-இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் அத்தகையோரைப் பயிற்றுவித்து வருகின்றது. சில நாளில் திக்கலை அடியோடு நீக்குவதாக உறுதி கூறிப் பொருள் பறிப்பாரிடம் மட்டும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கரியாலூர் போன்ற மலையூர்களில் வாழும் பிள்ளைகள் நகரத்துப் பயிற்சியாளரிடம் அடிக்கடி சென்று மீளுதல் எளிதன்று. ஆயினும், துணைக்குழு கூடுதற்குப் பெரிய கட்டடமோ பெரும்பொருளோ தேவையில்லை. பொறுமையுடன் கேட்கும் செவிகள் சில இருப்பின், மரநிழலும் போதும். அத்தகைய செவிகள் ஒவ்வொரு பள்ளியிலும் உள்ளன அல்லவா?

2021 முதல் 2025 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜோ பைடன் இளமையில் திக்கலால் இடருற்றவர். 2020-இல், தேர்தல் பயணத்தின்போது, திக்குதலுடைய சிறுவன் ஒருவனைக் கண்டு, தாமும் அவன் இனத்தைச் சேர்ந்தவரே என்றார்; தம் உரைத்தாளில் நிறுத்த வேண்டிய இடங்களைக் குறித்துவைக்கும் முறையையும் காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், 13 வயதுடைய அச்சிறுவன், நாடே காணத் திக்கித் திக்கி உரையாற்றினான். தம் குறையை ஒளியாது உரைத்த ஒருவர், மற்றொருவனுக்கு வாய் திறக்கும் துணிவை அளித்தார்.

ஆதலின், திக்குதலுடைய தோழன் பேசும்போது மாணவர் கடைப்பிடிக்க வேண்டுவன சில உள. அவன் சொல்லை முந்திக்கொண்டு முடித்தல் ஆகாது. 'மெல்லப் பேசு', 'அஞ்சாதே' என அறிவுரை கூறுதலும் வேண்டா; அவை அவன் தடையையே நினைவூட்டும். அவன் முகத்தை இயல்பாக நோக்கி, எவ்வாறு சொல்கின்றான் என்பதை விடுத்து, என்ன சொல்கின்றான் என்பதில் கருத்தைச் செலுத்துதல் வேண்டும். பலர் சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் பாடும்போதும் திக்கல் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆகவே, வகுப்பில் கூடிப் படித்தல் அவனுக்கு நல்ல தொடக்கமாகும்.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பேச அறிதல் ஒரு கல்வி. கேட்க அறிதலும் ஒரு கல்வியே. செவி பொறுத்தால், நாவும் ஒருநாள் துணியும்.

பயிற்சி வினாக்கள்

1. திக்கலின் மூவகையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. திக்கலை மறைத்தலால் விளையும் தீங்குகள் யாவை?
3. துணைக்குழுவில் நிகழும் பயிற்சிகளைத் தொகுத்து எழுதுக.
4. 'கேட்க அறிதலும் ஒரு கல்வியே' என்பது பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.