தொழில் பாடம்: பழைய சமையலறை கப்போர்டைப் புதுசாக்குவோம்



வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் நம்ம நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடலூர் பக்கம் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பெயிண்டர் என்று யாரும் சொல்வதில்லை. ‘சித்தாள்’, ‘கூட வந்த பொம்பள’ என்றுதான் சொல்கிறார்கள். சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, தூசி துடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. பிரஷ் பிடிப்பவருக்கு ஒரு கூலி, தேய்ப்பவருக்கு அதைவிடக் குறைந்த கூலி.

சமையலறை கப்போர்டு வேலையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு உண்மை தெரியும். அதில் பிரஷ் வேலை கொஞ்சம்தான். கழற்றுவது, பிசுக்கு எடுப்பது, தேய்ப்பது, பட்டி பார்ப்பது இதுதான் பெரும்பகுதி. பெயிண்ட் நிற்பதும் உரிவதும் இதைப் பொறுத்தது. பாதித் தொழில் நமக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. மீதியையும் கற்றுக்கொண்டு, நாமே சதுர அடிக் கணக்கில் வேலை எடுக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

வேலை எங்கே கிடைக்கும்?

நெய்வேலியில் 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பலர் வடலூர், இந்திரா நகர் பக்கம் சொந்த வீடு கட்டியிருக்கிறார்கள். கடலூரிலும் பண்ருட்டியிலும் 15, 20 வருடத்துக்கு முன் மரவேலை செய்த சமையலறைகள் உண்டு. பலகை நன்றாகத்தான் இருக்கும். முகம் மட்டும் மங்கி, கைப்பிடி ஓரம் கறுத்து, பெயிண்ட் உரிந்திருக்கும். புதுசாகச் செய்ய ஆகும் செலவில் ஒரு பங்கிலேயே இதைச் சரிசெய்து கொடுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்க. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம் இல்லை. அனுமதி வாங்கிவிட்டாரா என்று கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.

முதல் வேலை: பலகை என்ன என்று பாருங்க

கதவைத் திறந்து ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். ரேகை ஓடினால் மரம். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். தூளை அமுக்கிச் செய்தது போல் இருந்தால் மரத்தூள் பலகை. மேலே வழவழப்பான தகடு ஒட்டியிருந்தால் சன்மைக்கா.

மரம், பிளைவுட் இரண்டுக்கும் தாராளமாகப் பெயிண்ட் அடிக்கலாம். சன்மைக்காவுக்கும் அடிக்கலாம். ஆனால் சாதாரண பிரைமர் அதில் பிடிக்காது. நன்றாகச் சொரசொரப்பாக்கி, வழவழப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும். ஓரம் எழும்பியிருந்தால் முதலில் பசை வைத்து ஒட்டிவிடுங்க.

மரத்தூள் பலகைதான் ஆபத்து. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் நம்ம மாவட்டத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் தெரியும். அப்படித் தண்ணீர் குடித்து உப்பிய பலகை திரும்ப அமுங்காது. எந்தப் பெயிண்டும் அதைச் சரி செய்யாது. “இந்தக் கதவை மாத்தணும்மா, மத்ததை நாங்க அடிச்சுத் தர்றோம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. சொல்லாமல் அடித்துவிட்டு அடுத்த மாதம் பேச்சு வாங்க வேண்டாம்.

வேலை செய்யும் முறை

1. சாமான்களை எடுக்கச் சொல்லுங்க. கதவு, இழுப்பறை, கீல், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றுங்க. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண். அதே எண்ணைச் சட்டத்திலும் பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டுங்க. அந்தக் கதவின் திருகாணிகளை அதே எண் போட்ட கவரில் போடுங்க. இல்லாவிட்டால் கடைசி நாள் எந்தக் கதவு எங்கே என்று தேடுவதிலேயே போய்விடும்.

2. பிசுக்கு எடுப்பது. தாளித்த எண்ணெய் வருடக்கணக்காகப் படிந்திருக்கும். வெந்நீரில் சலவைச் சோடாவோ பாத்திரம் கழுவும் சோப்போ கலந்து, பிழிந்த துணியால் துடையுங்க. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துக் காயவிடுங்க. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. முத்துப் போல் உருண்டு நின்றால் பிசுக்கு இன்னும் போகவில்லை. பிசுக்கோடு தேய்த்தால் எண்ணெய் பலகைக்குள் இறங்கிவிடும். அதனால் முதலில் துடைப்பது, அப்புறம்தான் தேய்ப்பது.

3. தேய்ப்பது. உரிந்து நிற்கும் பெயிண்டைத் தகட்டால் எடுத்துவிட்டு, முதலில் 120 நம்பர், பிறகு 220 நம்பர் தாள். பழைய பெயிண்ட் முழுக்கப் போக வேண்டியதில்லை. மினுமினுப்பு போய், கைக்கு ஒரே சமமாக இருந்தால் போதும்.

4. பட்டி. மரத்துக்கான பட்டி வேறு, சுவர்ப் பட்டி வேறு. வெள்ளை சிமெண்ட் பட்டியை மரத்தில் போட்டால் வெடித்து விழும். குழியிலும் பழைய திருகாணி ஓட்டையிலும் மெல்லியதாக வையுங்க. காய்ந்த பிறகு மறுபடி 220.

5. பிரைமர். தூசியைத் துடைத்துவிட்டு மர பிரைமர் ஒரு கோட். முழுவதும் காய வேண்டும்.

6. எனாமல் இரண்டு கோட். கதவின் மேல் விளிம்பில் சின்னக் கொக்கி மாட்டிக் கயிற்றில் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடிக்கலாம். கோட் மெல்லியதாக இருக்கட்டும். தடியாக அடித்தால் வழியும், உள்ளே காயாது. முதல் கோட் ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். அடுத்த நாள் 320 நம்பர் தாளால் லேசாகத் தடவி, துடைத்துவிட்டு இரண்டாவது கோட். தின்னர் எவ்வளவு என்று டப்பாவில் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீங்க, காய்வது கெட்டுப்போகும்.

7. மாட்டுவது. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பெயிண்ட் இறுகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரு வாரத்துக்கு ஈரத்துணி போட்டுத் துடைக்கக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்க.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை எடுக்க வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் காய நாளாகும், பளபளப்பும் மங்கும். பொங்கலுக்கு எல்லோரும் கேட்பார்கள். மழை விட்டதும் மார்கழியில் ஆரம்பிக்கலாம், முடியாததைத் தை பிறந்த பிறகு என்று சொல்லி வையுங்க.

தூசியை லேசாக நினைக்காதீங்க

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலப்பது வழக்கம். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. எனவே அதற்கு முன் அடித்த பெயிண்ட் என்றால், ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்க.

ஈயத் தூசி மூச்சிலும் சாப்பாட்டிலும் உடம்புக்குள் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இத்தனை காலம் தேய்ப்பது பெண்கள் வேலை என்று ஒதுக்கியிருந்தால், இந்தத் தூசியும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதனால்:

- பழைய பெயிண்டை வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்க. பலகை தெரியும் இடத்தில் தண்ணீர் படாமல், வாசலில் வைத்து லேசாகத் தேயுங்க.
- முந்தானையோ கைக்குட்டையோ போதாது. என்-95 மாஸ்க் போடுங்க.
- பெயிண்டை நெருப்பு காட்டி எரித்து எடுக்கக் கூடாது.
- துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்க. சுரண்டியதைப் பையில் கட்டுங்க, கிணற்றடியிலோ கொல்லையிலோ கொட்டாதீங்க.
- கை, முகம் கழுவாமல் டீகூடக் குடிக்க வேண்டாம். வேலைப் புடவையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீங்க.
- கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த வேலைக்கு வரக் கூடாது. அவர்கள் கணக்கு எழுதட்டும், வேலை பிடித்துத் தரட்டும். பங்கு உண்டு.

இன்னொன்று, நாம் நிற்பது சமையலறை. டர்பன்டைனும் தின்னரும் நெருப்பைப் பிடிக்கும். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

10 கதவு. ஒவ்வொன்றும் 2 அடிக்கு 1½ அடி, அதாவது 3 சதுர அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 6. பத்துக் கதவுக்கு 60 சதுர அடி. இழுப்பறை முகப்பு 3, சட்டம் 17. மொத்தம் 80 சதுர அடி.

இரண்டு பேர் வேலை செய்தால்: கழற்றிப் பிசுக்கு எடுக்க ஒரு நாள், தேய்க்க ஒரு நாள், பட்டி பார்த்து மறுபடி தேய்க்க ஒரு நாள். பிரைமர், முதல் கோட், இரண்டாம் கோட் ஒவ்வொன்றுக்கும் அரை நாள். மாட்ட அரை நாள். ஆக 5 நாள் உழைப்பு, இரண்டு பேருக்கு 10 ஆள்நாள். இதில் பிரஷ் பிடித்தது 3 ஆள்நாள்தான். மீதி 7 ஆள்நாள் ‘சித்தாள் வேலை’ என்று சொல்லப்பட்டது!

கூலியை ரூ.600 என்று வைத்துக்கொள்வோம். 10 ஆள்நாளுக்கு ரூ.6,000. பெயிண்ட், பிரைமர், பட்டி, தாள், மாஸ்க் ரூ.3,500. பஸ், பிரஷ் தேய்மானம் ரூ.700. மொத்தம் ரூ.10,200. குழுவுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் ரூ.11,220. சதுர அடிக்குச் சுமார் ரூ.140 வருகிறது. இவை உதாரணத் தொகைகள்தான். உங்க ஊர்க் கூலியையும் கடை விலையையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

“ரெண்டு நாள் பெயிண்டுக்கு இவ்வளவா?” என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். “பெயிண்ட் ரெண்டு நாள்தாம்மா. அது உரியாம நிக்கறதுக்குத்தான் மத்த நாள் வேலை. ஒரு கதவை மாதிரிக்குச் செஞ்சு காட்டறோம், பார்த்துட்டுச் சொல்லுங்க” என்று பதில் சொல்லுங்க. அளவு, நிறம், தொகை, முன்பணம் எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்க உரிமை

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே நாட்டில் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. பெயிண்ட், வார்னிஷ் அடிப்பவர்கள் அதில் பதிவு செய்யலாம். வேலைக்குப் போகும் சகோதரிகள் ‘உதவியாள்’ என்று எழுதாமல் ‘பெயிண்டர்’ என்று எழுதிப் பதிவு செய்யுங்க.

1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலம் முதல் மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்றே நாம் கடன் கேட்டு வருகிறோம். பக்கத்து மாநிலமான கேரளாவில், 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் கட்டுமானக் குழு அமைத்து வீடே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கப்போர்டு வேலைக்குப் பெரிய முதல் வேண்டாம். பிரஷ், தகடு, ஸ்குரூடிரைவர், மாஸ்க் வாங்க உள்கடன் போதும். முதல் வேலையை உங்க வீட்டுக் கதவில் செய்து பழகுங்க.

அடுத்த கூட்டத்தில் பேசுங்க

1. நம்ம குழுவில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கூலி, கூட வேலை செய்யும் ஆணுக்கு என்ன கூலி?
2. உப்பிய மரத்தூள் பலகையைப் பார்த்தால் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வோம்?
3. 6 கதவு, ஒவ்வொன்றும் 2 அடிக்கு 2 அடி. இரண்டு பக்கமும் அடித்தால் எத்தனை சதுர அடி? (விடை: 48)
4. மாஸ்க் செலவைக் கூலியில் கழிப்பதா, வேலைத் தொகையில் சேர்ப்பதா? முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க.