கூட்டு லாரி சரி, கூட்டு விலை?

சென்ற கூட்டத்தில் ஓர் இளம் வணிகர் கேட்டார்: “நாலு பேர் சேர்ந்து குண்டூரிலிருந்து ஒரே லாரியில் மிளகாய் வத்தல் இறக்கினால் சட்டப்படி தப்பா ஐயா?” பலருக்கும் உள்ள சந்தேகம் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பழைய எம்.ஆர்.டி.பி. சட்டம் 2009-ல் நீங்கிவிட்டது. இப்போது இருப்பது 2002-ம் வருடப் போட்டிச் சட்டம். அதன் 3-வது பிரிவுப்படி, போட்டியாளர்கள் கூடி விலை வைப்பதும், சரக்கை மட்டுப்படுத்துவதும், ஏரியா பிரிப்பதும், டெண்டரில் பேசிவைத்துக் கேட்பதும் போட்டியைக் கெடுப்பதாகவே கொள்ளப்படும். கெடுக்கவில்லை என்று காட்டும் பாரம் நம் தலையில்.

அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. கூட்டு முயற்சியால் சப்ளை, விநியோகம், சேமிப்பு, கொள்முதல் போன்றவற்றில் திறன் கூடுமானால் அந்த அனுமானம் இல்லை. அப்போது 19-வது பிரிவுப்படி இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். வாடிக்கையாளருக்கு நன்மை போய்ச் சேர்ந்ததா, விநியோகம் சீர்பட்டதா என்பது ஒரு பக்கம். புதியவருக்குக் கதவடைத்தார்களா, இருப்பவரை விரட்டினார்களா என்பது மறுபக்கம்.

லாரிக்கு வருவோம். தனித்தனியே இருபது மூட்டை போட்டால் வாடகை கடிக்கும். சேர்ந்து முழு லோடு எடுத்தால் மூட்டைக்கு வாடகை குறையும். அதில் ஒரு பங்கு கிலோ விலையில் தெரிந்தால், சொல்லிக்கொள்ள நமக்கு நியாயம் உண்டு. சரக்கு இறங்கிய கையோடு “எல்லோரும் இந்த விலைதான்” என்று பேசினால் நியாயம் போச்சு. வாடகை மிச்சத்துக்கு விலைக்கட்டு எதற்கு? ஐந்தாவது கடைக்காரரைச் சேர்க்காமல் தடுப்பதும் அப்படியே.

நானும் வாலிபத்தில் டீக்கடை பெஞ்சில் துவரம்பருப்புக்கு விலை பேசியவன்தான். பத்து நாள் நிற்கவில்லை. முதலில் உடைத்தவனும் நானே!

“எழுத்தில் ஒன்றும் இல்லையே” என்று இருக்கவேண்டாம். வாய்ப்பேச்சும் சட்டத்தில் ஒப்பந்தம்தான். கார்ட்டலுக்கு அபராதம், அது நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தைப் போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். சங்கப் பொறுப்பாளர்களும் தப்பமுடியாது. ஸ்டாக்கிஸ்ட் நியமனத்துக்குத் தங்கள் சம்மதக் கடிதம் வேண்டும் என்று வற்புறுத்திய மருந்து வணிகர் சங்கங்கள் மீது போட்டி ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது.

ஆகவே லாரி சேருகிறவர்கள் ஒரு நோட்டு போடுங்கள். முன்பு மூட்டைக்கு என்ன வாடகை, இப்போது என்ன, யார் வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம் என்று எழுதி, பில்லையும் சேர்த்து வையுங்கள். விற்பனை விலை என்ற பத்தியே அதில் வேண்டாம்.