வீட்டுப்பாடம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

பொங்கோலில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எல்லாப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் ஆறு மணிக்குள் எப்படி முடிக்கவைப்பது என்று கேட்டிருக்கிறாய். முடிக்கவைக்கலாம், அதற்கு வழி உண்டு. ஆனால் அதை உன் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாதே.

பிள்ளையின் நாளைக் கணக்குப் போட்டுப் பார். காலை 7.30-க்குப் பள்ளி தொடங்குகிறது. பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கு மணி அடித்ததும் பள்ளிப் பையோடு நேராக உன் அறைக்கு வருகிறது. அம்மாவோ அப்பாவோ வந்து அழைத்துப்போகும்போது ஏழு மணிகூட ஆகிவிடும். ஏழு வயதில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் வீட்டுக்கு வெளியே!

முன்பு நிலைமை வேறு. தொடக்கப்பள்ளிகள் காலை, பிற்பகல் என இரு வேளைகளில் நடந்த காலத்தில், பிற்பகல் பிள்ளைகள் காலையில் நிலையத்துக்கு வருவார்கள். விளையாடி, சாப்பிட்டு, சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவார்கள். காலைப் பள்ளி முடித்த கூட்டம் அதன்பிறகு வரும். 2016-க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளையும் ஒரே வேளைக்குக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியதும், பள்ளிக்கு முந்தைய அந்தக் காலை நேரம் போய்விட்டது. இப்போது எல்லாரும் களைத்துப்போன பிறகே உன்னிடம் வருகிறார்கள்.

பொங்கோலில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். பன்றிப் பண்ணைகளும் மீன்பிடிக் கம்பங்களும் இருந்த இடத்தில், 1996-ல் அறிவித்த ‘பொங்கோல் 21’ திட்டத்துக்குப் பிறகு எழுந்த நகரம் அது. அங்கே குடியேறியவர்களில் பலர் இளம் தம்பதியர். தாத்தா பாட்டி ஈசூனிலோ அங் மோ கியோவிலோ இருப்பார்கள். பள்ளி விட்டதும் ஓடிப்போக அடுத்த புளோக்கில் பாட்டி வீடு இருக்காது. அந்த இடத்தில் நீ இருக்கிறாய்.

ஆகவே முதல் அரை மணி நேரத்தைப் பாதுகாத்துக்கொள். என் நிலையத்தில் தொடக்கநிலை 1 படித்த பையன் ஒருவன், வந்ததும் பணித்தாளை எடுத்து ஒரே விடையை எழுதி எழுதி அழிப்பான். தாள் கிழியும்வரை அழிப்பான். கணக்கு அவனுக்கு நன்றாகவே வரும். ஒருநாள் தாளை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னிக்கு ரீசெஸ்ல யார்கூட சாப்பிட்டே?” என்று கேட்டேன். “யாரும் இல்ல டீச்சர்” என்றான். அதன்பிறகு நிறையப் பேசினான். அன்று கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது. காலுறையைக் கழற்றட்டும், முகம் கழுவட்டும், சாப்பிடட்டும், உளறட்டும். அதற்குப் பிறகு எடு புத்தகத்தை.

சாப்பாட்டையும் கவனி. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசியில் சைவம் என்று வீட்டில் இருப்பதைப் பிள்ளை வாய்திறந்து சொல்லாது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கும். பெற்றோரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு, சமைத்து அனுப்புபவர்களிடம் சொல்லிவிடு.

உன் அறையில் பொதுமொழி ஆங்கிலம்தான். சீன, மலாய்ப் பிள்ளைகளும் இருக்கும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தமிழ்ப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது தமிழில் பேசு. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான். பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் சொல்வதெழுதுதலும் வாய்மொழித் தேர்வும். மதிப்பெண் போடாத தமிழை அவர்கள் உன்னிடம் கேட்கட்டும்.

இன்னொன்று. மாணவர் பராமரிப்புக் கட்டண உதவி பெறும் குடும்பங்கள் உன்னிடம் இருக்கும். பெற்றோர் மாதம் குறைந்தது 56 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அதற்கான தாள்களைப் பிள்ளைகள் முன்னால் கேட்காதே. யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பது அந்த அறையில் எந்தப் பிள்ளைக்கும் தெரியக்கூடாது.

மாலையில் தாமதமாக ஓடிவரும் அம்மாவையும் பிள்ளை முன் கடிந்துகொள்ளாதே. “வீட்டுப்பாடம் முடிந்தது” என்பதோடு, அன்று அந்தப் பிள்ளை செய்த ஒரு காரியத்தையும் சொல்லி அனுப்பு. வீடு போகும் வழியில் அவர்கள் பேசிக்கொள்ள அது உதவும்.

ஜூனில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஆறு வாரமும் விடுமுறை. நாள் முழுக்கப் பிள்ளைகள் உன்னோடு இருப்பார்கள். பணித்தாள்களை நகலெடுத்து அடுக்கிவைக்காதே. பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர் நீளம். அதில் ஒரு துண்டையாவது நடக்கவை. ஒன் பொங்கோலில் வட்டார நூலகம் இருக்கிறது. தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், நீ வாசித்துக் காட்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வேலையில் சேர்பவர்கள் ஓராண்டில் விலகிவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். சம்பளமும் களைப்பும் காரணம் என்று எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் கேட்கிறேன்: இந்த ஆண்டு தொடக்கநிலை 1-ல் உன்னிடம் வந்த பிள்ளைகள் தொடக்கநிலை 3 முடிக்கும்வரையாவது அங்கே இரு.

அன்புடன்,
உன் அக்கா