டாக்டர் எழுதினது ஒண்ணு, டீலர் கொண்டு வந்தது இன்னொண்ணு: மெடிக்கல் மெஷின் வாங்கும்போது உங்க பணத்தை எப்படிக் காப்பாத்துறது?

ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு வாங்குற மெஷின் பத்தி யாரும் பெருசா பேசுறதில்லை. பைபேப், சிபேப், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இதெல்லாம் 40,000-ல இருந்து லட்சம் வரைக்கும் போகும். வீட்டுல வச்சுப் பயன்படுத்துற மெஷினுக்கு பல பாலிசிகள் பணம் தராது. முழுக்க உங்க கைக்காசு. அதுலயும் டாக்டர் எழுதினதை விட்டுட்டு டீலர் வேற மெஷினைக் கொண்டு வந்து வச்சுட்டா?

இது அடிக்கடி நடக்குது. அம்மாவுக்கு சிஓபிடி, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு தங்குதுன்னு டாக்டர் "பைபேப், எஸ்டி மோட்" எழுதித் தர்றார். ஐபேப் எவ்வளவு, ஈபேப் எவ்வளவு, பேக்கப் ரேட் எவ்வளவுன்னு எல்லாம் சீட்டுல இருக்கு. டீலர்கிட்ட ஸ்டாக் இல்லை. டெலிவரி பையன் ஒரு ஆட்டோ சிபேப்பைக் கொண்டு வந்து, "எல்லாம் ஒண்ணுதான் சார், மாஸ்க் போட்டா காத்து வரும், செட்டிங்ல மாத்திக்கலாம்" அப்படிங்கிறான்.

ஒண்ணு இல்லை. நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். ஆனாலும் பணம் கொடுக்கிறவங்களுக்கு இவ்வளவாவது தெரியணும். தூங்கும்போது தொண்டை அடைபடாம இருக்க காத்தழுத்தம் கொடுக்கிறது சிபேப். மூச்சு இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைஞ்ச அழுத்தம்னு ரெண்டு அளவுல கொடுத்து மூச்சு விடுற வேலைக்கே துணை செய்யுறது பைபேப். எஸ்டி மோட் இருந்தா, நோயாளி தானா மூச்சு இழுக்காத நேரத்துல மெஷினே ஒரு மூச்சு கொடுக்கும். இந்த வசதி இல்லாத மெஷின்ல செட்டிங்கை எப்படித் திருகினாலும் அது வராது. அதனால தப்பான மெஷின் வந்தா முதல் ஃபோன் டீலருக்கு இல்லை, டாக்டருக்கு. "இன்னிக்கு ராத்திரி இதைப் போடலாமா, வேண்டாமா?"ன்னு கேளுங்க. அந்த முடிவை டெலிவரி பையன்கிட்ட விடக்கூடாது.

ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்லயும் இதே கதை உண்டு. 10 லிட்டர் எழுதினா 5 லிட்டர் வரும். "1 முதல் 7 லிட்டர்"னு போட்டிருக்கிற சில மலிவு மெஷின்கள்ல ஃப்ளோவைக் கூட்டக் கூட்ட ஆக்ஸிஜன் சதவீதம் இறங்கிடும். லிட்டரை மட்டும் பார்க்காம, அந்த லிட்டர்ல எத்தனை சதவீதம்னு கேளுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் பழசுதான், ஆனா இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். பிரிவு 15-ன்படி, விவரம் சொல்லி வித்த பொருள் அந்த விவரத்தோட ஒத்துப்போகணும். நீங்க பிரிஸ்கிரிப்ஷனை வாட்ஸ்அப்ல அனுப்பி, அவர் அதுக்குக் கொட்டேஷன் கொடுத்து, நீங்க அட்வான்ஸ் போட்டிருந்தா, அந்த விவரம் எழுத்துல இருக்கு.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, பலரும் இங்கதான் மாட்டுறாங்க. பிரிவு 42 என்ன சொல்லுதுன்னா, வேண்டாம்னு சொல்லாம நியாயமான காலத்துக்கு மேல பொருளை வச்சிருந்தா நீங்க அதை ஏத்துக்கிட்டதாவே கணக்கு. "சரி, நல்ல மெஷின் வர்ற வரைக்கும் இதை ஓட்டுவோம்"னு ரெண்டு மாசம் ஓட்டிட்டு அப்புறம் திருப்பிக் கொடுக்கப் போனா, "யூஸ் பண்ணிட்டீங்களே சார்" அப்படிங்கிற பதில் வரும். அது முழுக்கத் தப்பான பதிலும் இல்லை. அப்படி ஏத்துக்கிட்டதா ஆயிட்டா, மெஷினைத் திருப்பித் தர்ற உரிமை போயிடும். நஷ்டஈடு கேக்குற உரிமை மட்டும் மிஞ்சும்.

அதனால பெட்டி வந்த அன்னிக்கே ஒரு மெசேஜ் போடுங்க: "டாக்டர் எழுதியது இந்த மாடல்/மோட். நீங்க டெலிவரி செய்தது இது, சீரியல் நம்பர் இது. இதை நான் ஏற்கவில்லை. இத்தனை நாளில் சரியான மெஷின் தரவும் அல்லது முழுப் பணத்தையும் திருப்பவும்." பெட்டி லேபிள், மெஷினுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டிக்கர், பிரிஸ்கிரிப்ஷன் மூணையும் படம் எடுத்து அதோட அனுப்புங்க. ஃபோன்ல மட்டும் பேசினா பிரயோஜனம் இல்லை. இன்னொரு விஷயம்: பிரிவு 43-ன்படி வேண்டாம்னு சொல்லிட்டா போதும், அந்த மெஷினை ஆட்டோ வச்சு கடைக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு உங்களோடது இல்லை. அவர்தான் வந்து எடுத்துக்கணும்.

அதுவரைக்கும் நோயாளி என்ன பண்றது? சரியான மெஷினை வேற இடத்துல வாடகைக்கு எடுங்க. வாடகை ரசீதைப் பத்திரமா வைங்க. டீலர் தவறால வந்த செலவு அது, அவர்கிட்ட கேட்கலாம்.

"ஜிஎஸ்டி கட்டியாச்சு, ரிட்டர்ன் எடுக்க முடியாது"

இதைக் கேட்டா எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சட்டம் தெரியாத மக்கள்கிட்ட மட்டும்தான் இது செல்லுபடியாகும்.

உதாரணத்துக்கு மெஷின் விலை 80,000, இப்போ இருக்கிற 5% ஜிஎஸ்டி 4,000, ஆக மொத்தம் 84,000. (2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி இது 12%.) பொருள் திரும்பி வந்தா டீலர் சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34-ன்படி 84,000-க்கு கிரெடிட் நோட் போடலாம். அந்த 4,000 அவரோட அடுத்த ரிட்டர்ன்ல கழிஞ்சிடும். இதுக்குக் காலக்கெடு, அந்த நிதியாண்டு முடிஞ்ச பிறகு வர்ற நவம்பர் 30. அதுக்கு முன்னாடியே ஆனுவல் ரிட்டர்ன் போட்டிருந்தா அந்தத் தேதி. நீங்க 2025 டிசம்பர்ல வாங்கியிருந்தா, 2026 நவம்பர் வரைக்கும் அவருக்கு நேரம் இருக்கலாம். ஜிஎஸ்டியால அவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. "கிரெடிட் நோட் போடுங்க, பிரிவு 34"ன்னு ஒரு வரி எழுதி அனுப்பினாலே பல டீலர்களோட குரல் மாறிடும். அவங்க ஆடிட்டருக்கு அது தெரியும்!

பில்லே இல்லாம "எஸ்டிமேட்" சீட்டுல வாங்கியிருந்தா கஷ்டம்தான். 2,000 ரூபாய் குறையுதுன்னு பில் வேண்டாம்னு சொல்றவங்க, வாரண்டியையும் சேர்த்து வேண்டாம்னு சொல்றாங்க. கொடுத்த பணத்துக்கு பில் தராம இருக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நியாயமற்ற வணிக நடைமுறைன்னே இருக்கு.

இதைவிட ஆபத்தான ஒரு "உதவி" உண்டு. "மெஷின் இதுவே இருக்கட்டும் சார், பில்லுல டாக்டர் எழுதின பேரையே போட்டுத் தர்றேன், உங்களுக்கு கிளைம் வந்துடும்." சிஜிஹெச்எஸ் பென்ஷனர், கம்பெனி ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்குறவங்க தயவுசெஞ்சு இதுக்குத் தலையாட்டாதீங்க. அனுமதி வாங்கினது ஒரு மெஷினுக்கு, வீட்டுல இருக்கிறது இன்னொண்ணு, அந்த பில்லுல கையெழுத்துப் போட்டுப் பணம் கேட்கிறது நீங்க. பொய் கிளைம்னு வந்தா டீலர் பக்கத்துல நிக்க மாட்டார். வேலையும் பென்ஷனும் உங்களோடது. அதுமட்டுமில்ல, நீங்களே அந்த பில்லை ஏத்துக்கிட்டா, "தப்பான மெஷின் கொடுத்தார்"னு பிறகு எங்க போய் நிரூபிப்பீங்க?

ஈஎம்ஐ-ல வாங்கினவங்க கோபத்துல தவணையை நிறுத்தாதீங்க. கடன் ஒப்பந்தம் ஃபைனான்ஸ் கம்பெனியோட, சண்டை டீலரோட. தவணை விட்டா அடிபடுறது உங்க சிபில் ஸ்கோர். புகாரோட நகலை ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அனுப்பி வைங்க.

சில சமயம் மாடல் சரியா இருக்கும், ஆனா மெஷின் டெமோ பீஸா இருக்கும். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர்கிட்ட கொடுத்துச் சரிபாருங்க. 2021 ஜூன்ல பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கிற ஃபோம் பிரச்னையால உலகம் முழுக்கப் பல சிபேப், பைபேப் மாடல்களைத் திரும்பப் பெறுறதா அறிவிச்சது. பழைய மெஷின் வாங்குறவங்க இதைக் கட்டாயம் பார்க்கணும். மெடிக்கல் டிவைஸ் விக்கிறவங்களுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட லைசென்ஸோ, எம்டி-42 பதிவுச் சான்றிதழோ இருக்கணும். கடையில அதைக் காட்டச் சொல்லிக் கேக்குறது அநாகரிகம் ஒண்ணும் இல்லை.

டீலர் அசையலைன்னா முதல்ல 1915-க்கு ஃபோன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தா புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்ல போடலாம். டீலர் சென்னையில இருந்தாலும் நீங்க வசிக்கிற மாவட்டத்துலயே போடலாம், அவர்தான் அங்க வரணும். பிரச்னை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். கேட்கும்போது மெஷின் விலை, வாடகைச் செலவு, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு நாலையும் தனித்தனியா தொகை போட்டுக் கேளுங்க. பிரிஸ்கிரிப்ஷன், கொட்டேஷன், பில், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், நீங்க மறுத்து அனுப்பின மெசேஜ் இவ்வளவும் தேதி வாரியா அடுக்கி ஒரே பிடிஎஃப்-ஆ வச்சுக்குங்க. டாக்டர்கிட்ட "நான் எழுதியது இது, கொடுக்கப்பட்ட மெஷின் இவருக்குப் பொருந்தாது"ன்னு லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி வாங்கி அதுலயே சேர்த்துடுங்க.