கம்பெனி வேலையிலிருந்து ஒயின் தொழிலுக்கு: புதுக்கோட்டைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

புதுக்கோட்டையில் தனியார் ஒருவர் ஒயின் கடை திறக்க முடியாது. சென்னையிலோ பெங்களூரிலோ பத்துப் பதினைந்து ஆண்டு கம்பெனி வேலை பார்த்துவிட்டு, கையில் கொஞ்சம் சேமிப்போடு ஊருக்குத் திரும்பி ஒயின் வியாபாரம் செய்யலாம் என்று நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தமிழ்நாட்டில் மதுபான மொத்த விற்பனை 1983 முதல் டாஸ்மாக்கிடம் இருக்கிறது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதனிடம் போய்விட்டது. நட்சத்திர ஓட்டலோ கிளப்போ நடத்துபவருக்குத் தனி உரிமம் உண்டு. மற்றவருக்கு அந்தக் கதவு இல்லை.

ஆனால் கடை என்பது இந்தத் தொழிலின் ஒரு ஓரம்தான். தோட்டம், ஆலை, இறக்குமதி, ஓட்டலில் ஒயின் பரிமாறும் சொம்மலியே பணி, பயிற்சி வகுப்பு, ஒயின் சுற்றுலா, பாட்டில் லேபிளுக்கான அரசு அனுமதி வேலை என்று அது நீண்டு கிடக்கிறது. கம்பெனியில் நீங்கள் எதில் தேறினீர்களோ அதற்கு இவற்றில் எங்கே ஆள் பஞ்சம் என்று பாருங்கள். நுழைய வேண்டிய இடம் அது. பழைய அனுபவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விவசாயியாகப் புதிதாகப் பிறக்க ஆசைப்படுபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

இந்தியாவில் கம்பெனியை விட்டு ஒயினுக்குப் போனவர் என்றால் எல்லாரும் சொல்லும் பெயர் ராஜீவ் சாமந்த். ஸ்டான்ஃபோர்டில் படித்து, கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்தவர். 1990களின் முற்பகுதியில் வேலையை விட்டு, நாசிக் அருகே இருந்த குடும்ப நிலத்துக்கு வந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவர் ராஜினாமா செய்ததையும், 2022 டிசம்பரில் அவருடைய சூலா நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்ததையும் சொல்வார்கள். நடுவில் கழிந்த காலத்தைத் தாண்டிவிடுவார்கள். அவர் அந்த மண்ணில் முதலில் பார்த்தது மாம்பழமும் சாப்பாட்டுத் திராட்சையும். ஒயினுக்கென்று சோவினியோன் பிளாங், ஷெனின் பிளாங் கொடிகளை நட்டது 1997 வாக்கில். முதல் பாட்டில் விற்பனைக்கு வந்தது 2000இல். ஒயின் தயாரிப்பைத் தானே கற்று முடிக்கும்வரை அவர் காத்திருக்கவும் இல்லை. கெர்ரி டாம்ஸ்கி என்ற கலிஃபோர்னிய ஒயின் தயாரிப்பாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

வேலையை விட்டதற்கும் முதல் பாட்டிலுக்கும் இடையே ஆறேழு ஆண்டு. வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருப்பவர், அத்தனை ஆண்டுக்கும் சோற்றுக்கு என்ன வழி என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகே ராஜினாமா கடிதத்தை எழுத வேண்டும். சாமந்துக்கு நிலம் குடும்பத்திலேயே இருந்தது. அவருடைய முதல் பாட்டில் வந்த அடுத்த ஆண்டே, 2001இல், மகாராஷ்டிர அரசு திராட்சை பதனத் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து ஒயின் ஆலைகளுக்குக் கலால் சலுகையும் கொடுத்தது. கர்நாடகம் 2007இல் ஒயின் கொள்கை கொண்டுவந்து, ஒயின் வாரியமும் அமைத்தது. சலுகையும் திராட்சையும் ஆலையும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் ஊருக்குப் போய்த் தொழில் படிப்பதே புத்திசாலித்தனம்.

அதே மகாராஷ்டிரத்தில் மறுபக்கமும் உண்டு. நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே தொடங்கிய ஷாத்தோ இண்டாஜ், சூலாவுக்கு முன்பே நாடறிந்த பெயர். பெரிய அளவில் கடன் வாங்கி விரிந்த அந்த நிறுவனம் 2010 வாக்கில் சரிந்தது. அந்தக் காலத்து மந்தத்தில் நாசிக் விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாட்டுத் திராட்சைக்குத் திரும்பினார்கள். காரணம் இந்தத் தொழிலின் கணக்கிலேயே இருக்கிறது. கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று ஆண்டு ஆகும். அறுவடை ஆண்டுக்கு ஒரு தடவை. பழத்துக்கான பணத்தை அந்த இரண்டு மூன்று மாதத்திலேயே எண்ணி வைக்க வேண்டும். நல்ல சிவப்பு ஒயின் பீப்பாயில் ஓராண்டு கிடக்கும். விற்ற பணமோ மாநிலக் கழகங்களிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் தவணை தவணையாகத்தான் வரும்.

நிதித் துறையிலிருந்து வருபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. ஆகவே பாட்டிலுக்கும் எந்திரத்துக்கும் நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை ஒயின் விற்பனையில் கழித்துக்கொள்ள முடியாது. மாநில எல்லையைத் தாண்டினால் வேறு கலால், வேறு லேபிள் பதிவு, வேறு பெர்மிட். இந்தத் தாள் வேலையைத் தவறில்லாமல் செய்யத் தெரிந்தவருக்கு ஒயின் நிறுவனங்களில் மதிப்பு உண்டு. ஆடிட்டிங், சப்ளை செயின், கம்ப்ளையன்ஸ் என்று பத்தாண்டு கழித்தவர் திராட்சையைத் தொடாமலே உள்ளே போகலாம். மார்க்கெட்டிங்காரர் மட்டும் பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை. வாடிக்கையாளரைத் தோட்டத்துக்கே வரவழைத்து ருசி காட்டித்தான் விற்க வேண்டும். சூலா 2005இல் நாசிக்கில் ருசிக்கூடம் திறந்ததும் அதற்காகத்தான்.

நிலமும் ஆலையும் வேண்டாம் என்பவருக்கு சோனல் ஹாலண்டின் பாதை பொருந்தும். விற்பனைத் துறையில் உயர்பதவியில் இருந்தவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு அதை விட்டுவிட்டு லண்டனில் ஒயின் படித்தார். 2016இல் மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். உலகம் முழுவதும் சில நூறு பேரே வைத்திருக்கும் பட்டம் அது. அவ்வளவு தூரம் எல்லாரும் போக வேண்டியதில்லை. லண்டனில் தலைமையகம் உள்ள ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட் நடத்தும் நான்கு நிலைப் படிப்பில் முதல் நிலை ஒரே நாளில் முடியும். இந்தியாவிலேயே எழுதலாம். வேலையை விடாமல் இரண்டாம் நிலைவரை முடித்துவிடுங்கள். படிக்கும்போது இது நமக்கு ஒத்து வருமா என்பது தெரிந்துவிடும். புதுக்கோட்டையில் சிங்கப்பூரிலோ துபாயிலோ உறவு இல்லாத தெரு குறைவு; ஓட்டல், இறக்குமதி வேலைகளுக்கு அந்த ஊர்களில் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள். இறக்குமதியில் கவனம் இருந்தால் ஒப்பந்தங்களைப் படியுங்கள். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய ஒப்பந்தம், 150 சதவீதமாக இருந்த சுங்க வரியை 5 டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய பாட்டில்களுக்கு 100 ஆகவும், 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 ஆகவும் உடனடியாகக் குறைத்தது.

சரி, நம் மாவட்டத்து மண்ணுக்கு வருவோம். ஒயின் திராட்சைக்கு இந்த ஊர் ஆகாது. நாசிக் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்கால இரவில் வெப்பம் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், பழத்தில் புளிப்பு தங்கும். நமக்கு அந்த இரவு இல்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; தமிழ்நாட்டில் திராட்சை பழக வேண்டுமானால் அங்கே போங்கள்.

நம்மிடம் இருப்பது முந்திரி. தஞ்சை சாலையில் ஆதனக்கோட்டையைக் கடக்கும் யாருக்கும் சாலையோரத்தில் பெண்கள் வறுத்து விற்கும் முந்திரிப்பருப்பு தெரியும். கொட்டையை எடுத்த பிறகு பழத்தை என்ன செய்கிறோம்? பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகுகிறது. பழத்தின் எடை கொட்டையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாது. அத்தனையும் வைட்டமின் சி நிறைந்த சாறு. கோவாவில் அதே பழத்திலிருந்து வடிக்கும் ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு வாங்கியது. கேரளம் 2022இல் பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பழம் மண்ணில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆனாலும் அவசரப்பட்டுக் கொல்லையில் பானையை வைத்துவிடாதீர்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இன்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம். சோதனைக்காகச் செய்தேன் என்பது விடையாகாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் மானியமும் மது தயாரிப்புக்குக் கிடையாது. சாறு, ஸ்குவாஷ், ஜாம் ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்துத் தொடங்கலாம். முந்திரிப்பழத்தின் தொண்டைக் கரகரப்பை நீக்கச் சாற்றைத் தெளிய வைக்க வேண்டும். கஞ்சி சேர்த்துத் தெளிய வைப்பது எளிய முறை. வினிகரும் நல்ல பொருள்தான். ஆனால் அதற்கும் சாறு முதலில் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. ஆட்சியர் அலுவலகத்து ஆயத்தீர்வைப் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே அதைத் தொடுங்கள். கருவிகளுக்கும் சோதனைக்கும் தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையிலேயே உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம், நிஃப்டெம், இருக்கிறது. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

வீட்டில் பேசுவதைத் தள்ளிப் போடாதீர்கள். குடியால் கெட்ட குடும்பம் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் கிடையாது. அம்மாவும் மாமியாரும் முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது. என்ன தொழில், எங்கே, யாருக்கு விற்பது என்று விவரமாகச் சொல்லுங்கள். உங்களுக்கே கையில் கோப்பை எடுத்தால் நிறுத்தத் தெரியாது என்றால், இந்தத் துறை வேண்டாம். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்புவார்கள். தினமும் அப்படித் துப்ப முடிய வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஓர் அறுவடை கூலிக்கு வேலை செய்யுங்கள். நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆலைகள் அந்த மாதங்களுக்குத் தற்காலிக ஆட்களைத் தேடும். அக்டோபர் நவம்பரிலேயே எழுதிக் கேளுங்கள். கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் பழம் தரம் பிரிப்பது, தொட்டி கழுவுவது, சர்க்கரை அளவு எடுப்பது என்று வேலை இருக்கும். சர்க்கரை 22 பிரிக்ஸ் இருந்தால் ஒயின் ஏறத்தாழ 12, 13 சதவீத ஆல்கஹாலில் வந்து நிற்கும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கும் தொட்டியில் பார்ப்பதற்கும் வித்தியாசம் நிறைய. மார்ச் கடைசியில் அங்கே வேலை முடிந்து நீங்கள் ஊருக்கு வரும்போது, ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி பழுக்கத் தொடங்கியிருக்கும்.